மலைக்குளிரில் மூட்டுவலி: முதல் குளிர்காலத்துக்கு ஒரு வழிகாட்டி

பணி ஓய்வு பெற்றுக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ உதகையிலோ வீடு பார்த்து வந்திருப்பவர்கள், பிள்ளைக்கு மாற்றல் கிடைத்ததால் கூடவே மலையேறி வந்த பெற்றோர், இங்கேயே பிறந்து வளர்ந்து இந்த ஆண்டுதான் முதன்முதலாக "முட்டி பிடிக்கிறது" என்று சொல்லத் தொடங்கியிருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. இரண்டு முழங்காலிலும் தேய்மானத்தோடு குன்னூரில் குடியிருப்பவன். மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சொல்வதில் மலை வாழ்க்கைக்கு ஒத்துவருவது எது, ஏட்டுச் சுரைக்காய் எது என்று பிரித்துச் சொல்ல முடியும் என்பதுதான் எனக்குள்ள தகுதி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் வந்தால் நம் வீடுகளில் மூட்டுவலிக்காரருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே ஒன்று: "பேசாமல் போர்த்திக்கொண்டு உட்காருங்கள்." அன்பில் சொல்வதுதான். ஆனால் மூன்று மாதம் அப்படி உட்கார்ந்தால் தொடைத் தசை இளைத்துவிடும். தசை தாங்க வேண்டிய சுமையும் மூட்டின் தலையில் விழும். மாசி வெயில் வந்த பிறகும் வலி போகாது. கம்பளியும் சுடுநீர்ப் பையும் வேண்டும்தான், ஆனால் எழுந்து நடமாட உடம்பைத் தயார் செய்வதற்காக. கீழே வரும் எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே படியுங்கள்.

முதலில், உங்கள் வலி எந்த வகை?

மூட்டுவலி ஒரே நோய் அல்ல. வகை தெரியாமல் வைத்தியம் தொடங்கக் கூடாது. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

அரை மணி நேரத்துக்குள் இளகிவிடுகிறது, பிறகு நடந்தால் வலி கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மானம். முழங்கால், இடுப்பு, கட்டைவிரலின் அடிமூட்டு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒன்றுபோல வீங்குகின்றன, வேலை செய்யச் செய்யத்தான் வலி குறைகிறது என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். அது உடம்பின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டைத் தாக்குவதால் வருவது. குளிருக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். பல ஆண்டு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலையில் ரவிக்கைக் கொக்கியைப் போட முடியவில்லை, டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் "பனிக்காலம்தானே, எல்லோருக்கும் இருப்பதுதான்" என்றே பதில் வந்தது. பங்குனி வெயிலிலும் விரல் மடங்காதபோதுதான் இரத்தப் பரிசோதனைக்குப் போனார். முடக்குவாதம் என்று தெரிந்தது. அதைத் தொடக்கத்திலேயே மருந்தால் அடக்கினால் மூட்டுகள் கோணிப்போகாமல் பெரும்பாலும் காக்கலாம். குளிரின் மேல் பழியைப் போட்டுக் கழித்த மாதங்கள்தான் அங்கே நட்டம்.

இன்னும் இரண்டு வகைகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் கால் பெருவிரலின் அடி திடீரெனச் சிவந்து, போர்வை பட்டால்கூடத் துடிக்க வைத்தால் அது யூரிக் அமிலம் படிகமாகப் படிவதால் வரும் கவுட். குளிர்ந்த இடத்தில் அந்த அமிலம் எளிதில் படிகமாகும் என்பதால் உடம்பின் கடைக்கோடியில் இருக்கும் விரல்தான் முதலில் மாட்டுகிறது. சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மாதக்கணக்கில் மூட்டுவலி தங்கிவிடுவதும் உண்டு. மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஒரே ஒரு மூட்டு சுடச்சுட வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்று ஏற்பட்டிருந்தால் ஒரு நாள் தாமதமும் மூட்டைக் கெடுத்துவிடும்.

குளிர் உண்மையில் என்ன செய்கிறது?

காற்றழுத்தம் குறைவதால் மூட்டு உள்ளுக்குள் உப்பிக்கொள்கிறது என்று ஒரு விளக்கம் ஊரெங்கும் சுற்றுகிறது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், முழு உண்மை இருக்க முடியாது. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் இறங்குபவர் சில மணி நேரத்தில் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறார். புயல்கூட அதில் ஒரு சிறு பகுதியைத்தான் குறைக்கும். அழுத்தம் மட்டுமே காரணம் என்றால் குன்னூர் வருவதற்குள் பஸ்ஸில் பாதிப்பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு அலற வேண்டும்.

பிரிட்டனில் கைபேசிச் செயலி வழியாக 2,600-க்கும் மேற்பட்டோரிடம் அன்றாட வலியைப் பதிவு செய்யச் சொல்லி, அதை அவரவர் ஊர் வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. ஈரப்பதம் கூடிய நாட்களிலும், காற்று பலமாக வீசிய நாட்களிலும், காற்றழுத்தம் குறைந்த நாட்களிலும் வலி சற்று கூடியிருந்தது. வெப்பநிலைக்கு மட்டும் தனியாகத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. வேறு நாடுகளில் நடந்த சில ஆய்வுகள் வானிலைக்கும் வலிக்கும் தொடர்பே இல்லை என்றும் முடித்திருக்கின்றன. மலையில் இருப்பவர்களைக் கேட்டால் முதல் முடிவோடுதான் ஒத்துப்போவார்கள். தை மாத உறைபனி விடியலில் புல்வெளி வெள்ளையாகக் கிடந்தாலும், வெயில் ஏறியதும் காற்று உலர்ந்து உடம்பு லேசாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் நசநசக்கும்போதுதான் மூட்டுகள் அதிகம் முனகும். எனவே உங்கள் ஏற்பாடுகளை மார்கழிக்காகக் காத்திருக்காமல் மழை தொடங்கும்போதே தொடங்குங்கள்.

மற்றபடி நடப்பது எளிமையானது. முழங்கால் மூட்டின் உள்வெப்பம் எப்போதுமே உடம்பின் 37 டிகிரியைவிடக் குறைவு. வெளியே குளிர்ந்தால் மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர் சற்றுக் கெட்டியாகிறது, சுற்றியுள்ள தசையும் தசைநாரும் விறைக்கின்றன, நாமும் அசைவைக் குறைத்துக்கொள்கிறோம். முதல் இரண்டும் நம் கையில் பாதி. மூன்றாவது முழுக்க நம் கையில்.

முந்தின இரவே செய்ய வேண்டியவை

தரையில் பாய் விரித்துப் படுப்பதை விடுங்கள். மலை வீடுகளில் தரை விடியற்காலையில் சில்லிட்டுவிடும் என்பது ஒரு காரணம். தரையிலிருந்து எழும்போது முழங்கால் முழுதாக மடங்கி, உடம்பின் எடை மொத்தத்தையும் அந்த நிலையில் தாங்க வேண்டியிருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பட வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரமாக இருக்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தச் சொல்லுங்கள். தச்சருக்கு அரை நாள் வேலை. கழிப்பறையிலும் மேற்கத்திய பீங்கானும் சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும். இந்த இரண்டு செலவையும் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டில் வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள்; மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் கோத்து நிற்கும். தடிமனான ஒரு ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு அடுக்கு உடை நல்லது. புடவை, வேட்டிக்குள் தெர்மல் காலுடை போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. காலுறை அடிப்பக்கம் ரப்பர் புள்ளி வைத்ததாக இருக்கட்டும், வெறும் கம்பளிக் காலுறை டைல்ஸ் தரையில் வழுக்கும். முழங்காலுக்கு மாட்டும் 'நீ கேப்' கதகதப்பைத் தரும், நடக்கும்போது ஒரு தைரியத்தையும் தரும். ஆனால் இறுக்கமாக இருந்தால் கீழ்க்கால் வீங்கும். இரவில் கழற்றிவிடுங்கள்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு தூங்குவது சுகமாகத்தான் இருக்கும். இரவு முழுக்க, மாதக்கணக்கில் அப்படியே தூங்கினால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகி, நேராக நீட்ட முடியாமல் போய்விடும். ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையணையை வைத்துக்கொள்வது அதற்கு மாற்று. படுக்கைக்கு எட்டும் தூரத்தில் விளக்கு, கைத்தடி, பிளாஸ்கில் வெந்நீர் இந்த மூன்றும் இருக்கட்டும்.

அறைக்குள் கரி மூட்டி வைத்துக்கொண்டு கதவடைத்துத் தூங்காதீர்கள். புகை வராத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மலைப்பகுதிகளில் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திராத செய்திகள் வந்திருக்கின்றன. மூட்டுவலியால் யாரும் இறப்பதில்லை, அதற்குச் செய்யும் வைத்தியத்தால் இறக்க வேண்டாம்.

காலையின் முதல் அரை மணி நேரம்

நாள் முழுவதும் எப்படிப் போகும் என்பதை இந்த அரை மணி நேரம்தான் முடிவு செய்கிறது. விழிப்பு வந்ததும் எழ வேண்டாம். போர்வைக்குள்ளேயே தொடங்குங்கள்.

மல்லாந்து படுத்து, இரு பாதங்களையும் முன்னும் பின்னுமாக இருபது தடவை அசையுங்கள். பிறகு ஒரு குதிகாலை மெத்தையின் மேலேயே இழுத்துக்கொண்டு முழங்காலை வலிக்காத அளவுக்கு மடக்கி, மெதுவாக நீட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. அடுத்தது முக்கியமானது. காலை நேராக நீட்டி, முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். தொடையின் முன்பக்கத் தசை கெட்டியாவதைக் கையை வைத்துப் பார்த்தால் தெரியும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், இதுவும் பத்துத் தடவை. முதலில் பலருக்குத் தசை ஒழுங்காக இறுகவே இறுகாது. ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அதை நசுக்குவதாக எண்ணிக்கொண்டால் பிடிபட்டுவிடும். மூச்சை அடக்காதீர்கள், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக ஓடும். இது பழகியபின் ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றிக் கட்டில் விளிம்பில் உட்காருங்கள். ஒரு நிமிடம் காலை ஆட்டிக்கொண்டு அப்படியே இருங்கள். வயதானவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக. எழும்போது விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழுங்கள். நிமிர்ந்த முதுகோடு எழ முயல்பவர்களுக்குத்தான் முழங்கால் சுளீர் என்கிறது.

குளியலையும் இந்த நேரத்துக்குப் பயன்படுத்தலாம். வெந்நீரில் குளித்து முடித்த பத்து நிமிடத்தில் மூட்டு நன்றாக இளகியிருக்கும். அப்போது இரண்டாவது சுற்று அசைவுகளைச் செய்தால் வலி குறைவு. வெந்நீரில் குளித்துவிட்டு மறுபடி போர்வைக்குள் போவது, அடுப்பை மூட்டிவிட்டுச் சமைக்காமல் அணைப்பதுபோல்.

சூடு வைக்கும் முறை

ரப்பர் பையில் கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள். மூடுவதற்கு முன் பையை மேசையில் படுக்கவைத்து, நீர் வாய்ப்பக்கம் எட்டும்வரை மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று நின்றால் பை உப்பிக்கொண்டு மூட்டில் ஒட்டாது. மூடியபின் தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பாருங்கள். டர்க்கி டவலில் சுற்றி, முழங்காலின் இரு பக்கமும் தொடையின் கீழ்ப்பகுதியும் சேரும்படி வையுங்கள். பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். அதற்குமேல் வைப்பதால் கூடுதல் பயன் இல்லை, தோல்தான் கருக்கும்.

சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு வைப்பது ஆபத்தான வேலை. கொப்பளித்த பிறகுதான் சுட்டது தெரியும். அவர்கள் காலுக்குச் சூடே வைக்காமல் கம்பளியால் மூடிக்கொள்வது நல்லது. வைத்தே ஆக வேண்டுமென்றால் வேறொருவர் கையால் சூட்டைப் பார்த்துத் தர வேண்டும். மின்சாரப் பட்டைகளில் தானாக அணையும் வசதி உள்ளதை வாங்குங்கள், அதன்மேல் படுத்துத் தூங்காதீர்கள். மூட்டு சிவந்து, தொட்டால் சுடுமளவுக்கு வீங்கியிருந்தால் சூடு கூடாது. அப்போது துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். குளிர்காலத்தில் ஐஸா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

நடை, படி, கைத்தடி

சமவெளியில் விடியற்காலை ஐந்தரைக்கு நடந்து பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை மலைக்குக் கொண்டுவராதீர்கள். காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையில் நடங்கள். பாசி படிந்த படிகளும் பனி உருகிய சரிவும் அதற்குள் ஓரளவு காய்ந்திருக்கும். ஒரேயடியாக நாற்பது நிமிடம் நடப்பதைவிடப் பதினைந்து நிமிடமாக மூன்று தடவை நடப்பது மூட்டுக்கு இதம்.

ஊர் முழுக்க ஏற்ற இறக்கம். ஏறுவதுதான் கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூச்சுக்கும் இதயத்துக்கும் அது சரி. முழங்காலைக் கேட்டால் இறங்குவதைத்தான் குறை சொல்லும். செயற்கை மூட்டுக்குள் அளவுக் கருவி வைத்து ஜெர்மனியில் அளந்திருக்கிறார்கள்: சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, படி ஏறும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது, இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. எனவே இதயத்தில் கோளாறு இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடைத்தெரு கீழே இருந்தால் போகும்போது பஸ்ஸிலோ ஆட்டோவிலோ இறங்குங்கள், வரும்போது நின்று நின்று ஏறி வாருங்கள். நடந்து இறங்கியே ஆக வேண்டுமானால் அடியைக் குறுக்கி, சரிவில் குறுக்காக வளைந்து வளைந்து இறங்குங்கள்.

படியில் நல்ல கால் முதலில் ஏற வேண்டும், வலிக்கும் கால் முதலில் இறங்க வேண்டும். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில். பத்தில் எட்டுப் பேர் மாற்றிப் பிடிப்பதுபோல்தான் எனக்குத் தோன்றுகிறது. செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்புக்கு நேராகத் தடியின் பிடி வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு போவது மலையில் பழைய வழக்கம். குடையின் கூர்முனை ஈரக் கல்லில் வழுக்கும், கம்பியும் ஆள் எடையைத் தாங்காது.

மழை ஓயாத நாளில் வீட்டுக்குள்ளேயே செய்ய ஒரு பயிற்சி உண்டு. நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முடியாவிட்டால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்தில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம். எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அடுத்த தடவை குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்த வேண்டாம்.

கைவிரல்களுக்கு

முழங்காலுக்குக் கிடைக்கும் கவனம் விரல்களுக்குக் கிடைப்பதில்லை. காலை ஆறு மணிக் குழாய்த் தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பவர்களுக்கு விரல் மூட்டுகள்தான் முதல் எதிரி. பாத்திரத்தை வெயில் வந்தபிறகு தேய்க்கலாம், ரப்பர் கையுறை போடலாம், ஒரு சொம்பு வெந்நீரைக் கலந்துகொள்ளலாம். துணி பிழியும்போது மணிக்கட்டை முறுக்காதீர்கள். ஈரத் துணியைக் குழாயின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஒரே பக்கமாக முறுக்கினால் வேலை பாதியாகும். பாட்டில் மூடிக்கு ஈரமான ரப்பர் கையுறையே போதுமான பிடிப்பைத் தரும்.

குளிர்ந்த நீரைத் தொட்டதும் விரல் நுனி வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு வந்ததும் சிவந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தக்குழாய் சுருங்குவதால் வருவது அது. தனியாகவும் வரும், முடக்குவாதம் போன்ற நோய்களின் துணையாகவும் வரும்.

ஜெல், மாத்திரை, தைலம்

தேய்மான வலிக்கு முதலில் தேட வேண்டியது டைக்ளோபெனாக் ஜெல். முழங்காலுக்கும் விரல்களுக்கும் நன்றாக வேலை செய்யும். மாத்திரையாகச் சாப்பிடுவதைவிட மிகக் குறைவான மருந்தே இரத்தத்தில் கலக்கிறது. ஒரு தடவை தேய்த்துவிட்டுப் பலனில்லை என்று ஒதுக்காதீர்கள். நாளுக்கு மூன்று நான்கு தடவை வீதம் ஓரிரு வாரமாவது பார்க்க வேண்டும். ஜெல் தடவிய இடத்தில் சுடுநீர்ப் பை வைக்கக் கூடாது.

பாராசிட்டமால் பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. முதியவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மருத்துவர் அதைவிடக் குறைவாகவே எழுதுவார். குளிர்காலத்தில் ஒரு பொறி இருக்கிறது: சளி, ஜுரத்துக்கு மருந்துக் கடையில் வாங்கும் பல மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் கணக்கு இரட்டிப்பாகும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

டைக்ளோபெனாக், ஐபுபுரூபன், அசிக்ளோபெனாக் மாத்திரைகள் வலியைச் சட்டென்று அடக்கும். சிறுநீரகம், இரத்த அழுத்தம், இதயம், வயிற்றுப்புண் இவற்றில் எது இருந்தாலும் அவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். குளிரில் இரத்த அழுத்தம் தானாகவே சற்று ஏறும், இந்த மாத்திரைகள் அதை இன்னும் ஏற்றும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருந்தால் அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். நாட்காட்டியில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வையுங்கள்.

மூன்றே நாளில் வலி பறக்கும் என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளம். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து, பொட்டலத்தோடு மருத்துவரைப் பாருங்கள்.

தைலங்களை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தேய்க்கும் கையின் சூடும் அழுத்தமும் பாதி மருந்து. உதகைக் கடைகளில் நீலகிரித் தைலத்தோடு வரிசையாக அடுக்கியிருக்கும் விண்டர்கிரீன் தைலத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதில் இருக்கும் மீதைல் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு. குழந்தை ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். எந்த எண்ணெய் தேய்த்தாலும் உள்ளங்காலைத் துடைத்துவிட்டுத் தரையில் கால் வையுங்கள்.

சாப்பாடு

உருளைக்கிழங்கு வாயு, அதனால் மூட்டுவலி என்ற பேச்சை உருளைக்கிழங்கு விளையும் இந்த ஊரிலேயே கேட்கலாம். கிழங்குக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பில்லை. சர்க்கரை இருந்தால் அளவு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கவுட் உள்ளவர்கள் ஈரல், நெத்திலி, பீர் ஆகியவற்றைக் குறைப்பது மட்டும் நியாயமான பத்தியம்.

குளிரில் தாகம் எடுக்காது, பசி எடுக்கும். வர்க்கியும் தேநீருமாக மாலைகள் போய், தையில் எடை மூன்று கிலோ ஏறியிருக்கும். எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். உச்சி வெயிலில் ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கழுத்துவரை மூடிக்கொண்டு காய்ந்தால் வைட்டமின் டி கிடைக்காது. வாரம் ஒன்று வீதம் எழுதப்படும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைச் சீட்டு முடிந்தபிறகும் நீங்களாகவே தொடராதீர்கள்.

வலி கூடும் நாட்கள், மருத்துவரைப் பார்க்கும் நாள்

என்ன செய்தாலும் சில நாள் வலி கூடத்தான் செய்யும். அன்றைக்கு நடையைப் பாதியாக்குங்கள், படியேறுவதைத் தவிருங்கள், படுக்கைப் பயிற்சிகளை மட்டும் விடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் இறங்க வேண்டும். ஒரு வாரமாகியும் இறங்காவிட்டாலோ, இரவுத் தூக்கம் கெட்டாலோ, முழங்கால் நடக்கும்போது திடீரென மடிந்து விழச் செய்தாலோ போய்ப் பாருங்கள். விழுந்தபிறகு காலை ஊன்றவே முடியவில்லை என்றால் சுடுநீர்ப் பையைத் தேடாமல் நேரே எக்ஸ்ரே எடுக்கப் போக வேண்டும்.

போகும்போது காலை இறுக்க நேரத்தைக் குறித்த தாளையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தைலப் புட்டியையும்கூட எடுத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டோடு திரும்பிவிடாமல் பிசியோதெரபிக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. நடக்கவே முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் ஏற்பாடு இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, உங்கள் பகுதிக்கு எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்டு வையுங்கள். அவர் வரும் நாளில் கட்டிலின் உயரத்தையும், குளியலறைக் கைப்பிடியையும், வாசல் படியையும் காட்டி, நீங்கள் இறங்கி ஏறுவதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.